நாற்பத்தொரு ஹரி

ஹரி என்ற பெயர் நாற்பத்தொரு இடங்களில் இருந்தது. என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

காளீஸ்வரியின் லேப்டாப்பை அவள் இறந்து ஏழு மாதம் கழித்து அன்றுதான் திறந்தேன். நானாகத் திறக்கவில்லை. முருகலட்சுமி அக்கா கேட்டார். பாளையம்பட்டியில் எங்கள் தெருமுனையில் அவருக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு விடும் கடை. அந்தக் கடைக்காகக் காளீஸ்வரி ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தாள். விசேஷம் என்ன, எந்த ஊர், எத்தனை பேர் என்று தட்டினால் எத்தனை அண்டா, எத்தனை தேக்சா, எத்தனை சேர் வேண்டும் என்று பக்கமே சொல்லிவிடும். ஐப்பசியில் பாதியில் நின்றுபோனது.

"தம்பி, ஆவணி முகூர்த்தத்துக்குள்ள அது வேணும். ஃபோன்ல ஒவ்வொருத்தருக்கா இத்தன பேருக்கு இத்தன அண்டான்னு சொல்லிச் சொல்லி என் தொண்ட போச்சு" என்றார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஹரி சாரு முடிச்சுத் தாரேங்காரு. லேப்டாப்ப மட்டும் குடுங்க."

"எந்த ஹரி?"

"காளீஸ்வரிக்குச் சொல்லிக் குடுத்தாருல்ல, டவுனுல. ரெண்டு தடவ கேட்டுட்டாரு."

இரண்டு தடவை கேட்டிருக்கிறான். கடைக்காரரைவிட அவனுக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று எனக்கு ஓய்வு நாள். காலை பத்து மணி. லேப்டாப் அலமாரியில் அவள் சேலைகளுக்கு நடுவே இருந்தது. சார்ஜ் ஏற அரை மணி நேரம் ஆனது. கடவுச்சொல் அவளுடைய ஊர், திருச்சுழி. அது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும் என்பதுதான் அன்று கேள்வியானது.

நான் பி.எஸ்சி. இயற்பியல். நூற்பாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. நூலை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பது வேலை. வரும் எண்களைக் கணினியில் ஏற்றுவேன். கணினியோடு என் பழக்கம் அவ்வளவுதான்.

பாத்திரக்கடை என்ற ஃபோல்டரில் மூன்று கோப்புகள் இருந்தன. பெரியதைத் திறந்தேன். அறுநூறு வரிகளுக்கு மேல். அடைப்புக்குறிகள், சமக்குறிகள், ஆங்கில எழுத்துகளில் தமிழ்ச் சொற்கள். ஒன்றும் புரியவில்லை. நடுவில் இதெல்லாம் தமிழிலேயே இருந்தது:

ஹரி, கல்யாணம், அருப்புக்கோட்டை, 500 பேர்.
ஹரி, காதுகுத்து, பரளச்சி, 300 பேர்.
ஹரி, சடங்கு, திருச்சுழி, 200 பேர்.
ஹரி, கருமாதி, பந்தல்குடி, 150 பேர்.

கீழே போகப் போக ஹரி. ஹரி சார் சொன்ன மாதிரி செஞ்சாச்சு. ஹரி சார், இது ஏன் வேல செய்யல? தேடும் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டினேன். நாற்பத்தொன்று என்றது. மாரிக்கண்ணன் என்று தட்டினேன். பூஜ்யம். ஆங்கில எழுத்தில் தட்டினேன். பூஜ்யம். கண்ணன் என்று மட்டும் தட்டினேன். அதுவும் பூஜ்யம்.

கருமாதிக்கும் அவன் பெயரைத்தான் போட்டிருந்தாள். அந்த ஒரு வரி மட்டும் எனக்குப் பிடித்தது.

நான்கு வருடம் என்னோடு இருந்தாள். அதில் கடைசி எட்டு மாதம் அந்த வகுப்புக்குப் போனாள். சாப்பிடும்போது, "இன்னைக்கு ஹரி சாரு லூப்பு எடுத்தாரு" என்பாள். நான் ரசத்தை ஊற்றச் சொல்வேன். அவள் ஊற்றுவாள். அப்போது அந்தப் பெயர் காதில் விழுந்து வெளியே போய்விட்டது. இப்போது போகவில்லை.

ஒரு சாயங்காலம் மட்டும் நினைவுக்கு வந்தது. புரட்டாசியில். ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "என்னங்க, இங்க வாங்களேன். பேரும் நம்பரும் போட்டு இத அமுக்குங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். தட்டி அமுக்கினேன். 'வணக்கம் மாரிக்கண்ணன்' என்று வந்தது. அவள் முகம் விழுந்துவிட்டது.

"நல்லாத்தான இருக்கு" என்றேன்.

"இல்ல. வேற மாதிரி வரணும்."

"எப்படி?"

"வரும்போது பாருங்க" என்று மூடிவிட்டாள். நான் குளிக்கப் போனேன். அது எப்படி வரவேண்டியது என்று நான் திரும்பக் கேட்கவே இல்லை. ஒரு மாதத்தில் தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது. மதுரைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இருபத்தெட்டு வயது.

முருகலட்சுமி அக்காவிடம் லேப்டாப் ஓடவில்லை, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்றேன். பொய். அந்த அறுநூறு வரிகளையும் படிக்காமல் அவனிடம் கொடுக்க எனக்கு மனம் இல்லை. நாற்பத்தொரு தடவை எழுதும்படி அவன் அவளுக்கு யார் என்று தெரிய வேண்டும். அவனிடம் கேட்க முடியாது. அவளிடமும் முடியாது. படித்தால்தான் தெரியும். படிக்க அந்த மொழி தெரிய வேண்டும்.

வைகாசிக் கடைசியில் அவன் வகுப்பிலேயே சேர்ந்தேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு பேக்கரியின் மாடி. பத்து கணினிகள், வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் ஐந்தரைக்கு வகுப்பு. பன்னும் வெண்ணெயும் வேகும் வாசம் படி வழியாக ஏறி வந்தது. காளீஸ்வரியின் துப்பட்டாவில் இந்த வாசம் இருக்கும். பேக்கரிக்குப் போய்விட்டு எனக்கு ஒன்றும் வாங்காமல் வருகிறாளே என்று நினைத்ததுண்டு.

ஹரி மெலிந்தவன். முப்பதைத் தாண்டியவனாக இருப்பான் என்று நினைத்திருந்தேன். இருபத்தாறுதான் இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். அதுவும் பிடிக்கவில்லை.

"அண்ணே, நீங்க காளீஸ்வரி அக்கா வீட்டுக்காரருதான?"

"ஆமா."

"அன்னைக்கு வந்திருந்தேண்ணே. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

அவளை எடுத்த அன்று நான் யாரையும் கவனிக்கவில்லை. என் வீட்டு வாசலில் இவன் நின்றிருக்கிறான்.

"லேப்டாப்பு சரியாயிருச்சா? கொண்டு வாங்க, நான் பாக்குறேன்."

"கத்துக்க வந்திருக்கேன்" என்றேன்.

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "சரிண்ணே. மூணாவது சிஸ்டம் எடுத்துக்கங்க. அக்கா அதுலதான் உக்காருவாங்க."

அக்கா என்கிறான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்றாவது கணினியில் ஏ எழுத்து தேய்ந்து வெள்ளையாக இருந்தது. அவள் விரல் பட்டுத் தேய்ந்ததா, வேறு யாருடையதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கணினியில் தங்கமாரி அக்கா. நாற்பது வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். காளீஸ்வரியோடு சேர்ந்தவர். ஒரு தடவை முடித்துவிட்டு, பாதி புரியவில்லை என்று மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறார்.

"எனக்கு மண்டையில ஏற லேட்டாகும் தம்பி. ஏறுனா எறங்காது" என்றார்.

ஹரி முதல் நாள் சொன்னது இது: "பக்கம் ஒண்ணு இருக்கு. எழுதியாச்சு, கலர் குடுத்தாச்சு. ஆனா அது செவரு மாதிரி. நீங்க எவ்வளவு பேசுனாலும் சும்மா நிக்கும். அதப் பதில் சொல்ல வைக்கிறதுதான் ஜாவாஸ்கிரிப்ட்."

நல்ல விளக்கம். அதனாலேயே எரிச்சல் வந்தது. இதை அவள் இதே இடத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பாள். தலையாட்டியிருப்பாள். புரிந்தால் கீழுதட்டைக் கடிப்பாள். அதை இவன் பார்த்திருப்பான்.

சாமான் டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டுவதுபோல ஒரு மதிப்புக்குப் பெயர் வைப்பது. மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது எழுத்து, இல்லாவிட்டால் எண். இரண்டு சாய்கோடு போட்டு எழுதினால் அது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் குறிப்பு, கணினி அதைக் கண்டுகொள்ளாது. பட்டனை அமுக்கினால்தான் ஓட வேண்டும் என்று எழுதினால், அமுக்கும்வரை அது காத்திருக்கும். "ஒரு வருஷம் ஆனாலும் ஆள் வந்து அமுக்குறவரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும்ணே" என்றான். நான் குறித்துக்கொண்டேன்.

அதோடு, அவளைப் பற்றி அவன் சொல்வதற்கு வேறு ஒரு கணக்கும் வைத்தேன். அக்கா இந்த இடத்துல அரைப்புள்ளிய விட்டுருவாங்க. அக்கா அடைப்பத் தொறந்தா மூட மாட்டாங்க. அக்கா தட்டும்போது வாயால சொல்லிக்கிட்டே தட்டுவாங்க, எக்ஸாம்ல பக்கத்துல இருக்குறவங்களுக்கு விடை சொல்லிக் குடுக்குற மாதிரி. முதல் வாரத்தில் பதினொரு தடவை அவளைப் பற்றிச் சொன்னான். வாயால் சொல்லிக்கொண்டே தட்டுவாள் என்பது எனக்கும் தெரியும். வீட்டில் அந்த முணுமுணுப்பு டி.வி. சத்தத்தோடு கலந்து கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அரைப்புள்ளி பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை. நான் பதினொரு விஷயம் சொல்ல முடியுமா என்று பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். ஏழு வந்தது. இரண்டு சமையல்.

இரண்டாம் வாரம் ஹரி ஒரு பயிற்சி கொடுத்தான். இரண்டு டப்பா. ஒன்றில் உங்கள் பெயர். இன்னொன்றில் வீட்டில் இருப்பவர் பெயர். இரண்டையும் சேர்த்து வணக்கம் சொல்ல வைக்க வேண்டும். திரையில் வருவதை எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும்.

"எதுக்கு சார் வாசிக்கணும்? இது என்ன எல்.கே.ஜி.யா?" என்றான் பின்னால் இருந்த பால்ச்சாமி.

"ஏலே, உனக்கு இண்டர்வியூல வாய் தொறக்கலன்னுதான வீட்டுக்கு அனுப்புனாங்க? வாசி" என்றான் ஹரி. சிரித்தார்கள்.

நான் முதல் டப்பாவில் என் பெயரைப் போட்டேன். இரண்டாவது காலியாக இருந்தது. வீட்டில் இருப்பவர் என்று யாரும் இல்லை. ஹரி அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல அடுத்த கணினிக்குப் போனான்.

தங்கமாரி அக்கா என் பக்கம் சாய்ந்தார். "காளீஸ்வரியும் இதே எடத்துலதான் நின்னா தம்பி."

"எந்த இடத்துல?"

"ரெண்டாவது டப்பாவுல. வீட்டுக்காரர் பேரப் போடும்மான்னா போட மாட்டேன்னுட்டா. சொல்லிக்கிட்டே தட்டுறவ இல்லையா? தட்டுனா வாயில வந்துரும். போதாததுக்கு எந்திரிச்சு வாசிக்கணும் வேற. 'சார், எங்க அவுக பேர நான் சொன்னதே கெடையாது. எங்கம்மா வெட்டிப் போட்டுரும்'ன்னா. படிச்ச பிள்ள இப்படியான்னு நாங்க ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனோம். 'பாரம், பத்திரம்னா எழுதுவேன். சும்மா விளையாட்டுக்கெல்லாம் அவுக பேரக் கூப்பிட மாட்டேன்'ன்னு அழுத்தமா நிக்கா."

"அப்புறம்?"

"இவுகதான் போனாப் போகுது, என் பேரப் போட்டுக்கங்கன்னாக" என்று ஹரியைக் காட்டினார். "அன்னைக்குப் போட்டவதான். எதச் சோதிச்சுப் பாக்கணும்னாலும் ஹரிதான். ஹரிக்குக் காதுகுத்து, ஹரிக்குச் சடங்கு. ஆம்பளப் பயலுக்குச் சடங்கு வச்ச ஒரே ஆளு உங்க வீட்டுக்காரிதான்!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான்கு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னதில்லை என்பது எனக்கும் தெரிந்த விஷயம். எங்கள் பக்கத்தில் அது ஒரு விஷயமே இல்லை. என் அம்மாவும் சொன்னதில்லை. காளீஸ்வரி மில்லுக்கு ஃபோன் செய்தால்கூட, "டெஸ்டிங்குல இருக்காகளே, அவுகள கூப்பிடுங்க" என்பாள். மறுமுனையில் இருப்பவர்கள் யார் என்று குழம்புவார்கள். ஆனால் அதை ஒரு கணினியிடமும் கடைப்பிடிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். பஸ் பாளையம்பட்டிக்குத் திரும்பும்வரை இருந்தது. பிறகு வேறு ஒன்று வந்தது. அவள் நிற்க, இந்த ஆட்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து அவளைக் கேலி செய்ய, அவள் பதிலுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். அந்த வாய் வீட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் அவள் அமைதியானவள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் காளீஸ்வரி அவனுக்குக் கிடைத்திருக்கிறாள். பெயரை வைத்து எழுந்த சந்தேகம் போனது. அவன்மேல் இருந்த காய்ச்சல் போகவில்லை.

அதோடு பெயர் எல்லாமே சோதனைக்குப் போட்டதும் இல்லை. வீட்டில் மறுபடி எண்ணினேன். இப்போது எனக்குப் பிரிக்கத் தெரிந்தது. மேற்கோள் குறிக்குள் இருபத்தொன்பது ஹரி. அவையெல்லாம் தங்கமாரி அக்கா சொன்னவை. சாய்கோட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு ஹரி சார். அவை அவள் தனக்குத்தானே எழுதியவை. பதினொன்று சாதாரணக் குறிப்புகள். பன்னிரண்டாவது கடைசிப் பக்கத்தில். ஹரி சார், இது ஏன் வேல செய்யல? அதற்குக் கீழே இருந்த வரிகளை இன்னும் படிக்கத் தெரியவில்லை.

ஆனி போனது. ஆடி பிறந்தது. முருகலட்சுமி அக்கா கடை வாசலில் பிடித்தார்.

"என்ன தம்பி, லேப்டாப்ப அமெரிக்காவுக்கா அனுப்பிருக்கீங்க ரிப்பேருக்கு?"

"வந்துரும்க்கா."

"நேத்து ஒங்க ஊர்க்காரர் ஒருத்தர். பரளச்சி. நூறு பேருன்னு சொல்லிச் சாமான் எடுத்துட்டுப் போனாரு. எரநூறு பேரு வந்துட்டாக. பந்திக்கு எல இருக்கு, சோறாக்க அண்டா இல்ல. என்னத் திட்டுறாரு. அதுக்குத்தான் அந்தப் பிள்ள எழுதுனா, பரளச்சின்னா ஒண்ணரை மடங்குன்னு. நான் சொல்லச் சொல்லத்தான் எழுதுனா."

உண்மைதான். அந்த வரியை நான் படித்திருந்தேன். ஊர் பரளச்சியாக இருந்தால், ஆள் எண்ணிக்கையை ஒன்றரையால் பெருக்கு. பக்கத்தில் குறிப்பு: அவுக ஊரு. சொன்னத விடக் கூட வருவாக. அதைப் படித்தபோது எனக்கு வாய்க்குள் ஏதோ வந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

"பத்து நாளுல தாரேன்க்கா" என்றேன்.

அந்த வாரம் வகுப்பில் தங்கமாரி அக்கா இரண்டு பெட்டிகள் வைத்த ஒரு பக்கம் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர், பெண் வீட்டார் எத்தனை பேர் என்று கேட்டுக் கூட்டிச் சொல்ல வேண்டும். இருநூறும் ஐம்பதும் போட்டார். இருபதாயிரத்து ஐம்பது என்று வந்தது.

"சார்! அருப்புக்கோட்டையே சாப்பிட வருது சார்!" என்று கத்தினார்.

ஹரி சிரித்துக்கொண்டே வந்தான். "பெட்டியில எதத் தட்டுனாலும் அது எழுத்தாத்தான் உள்ள போகும்க்கா. இருநூறுன்னு நீங்க தட்டலாம். ஆனா அதுக்கு அது ரெண்டு, பூஜ்யம், பூஜ்யம்னு மூணு எழுத்து. அம்பதப் பக்கத்துல ஒட்டிருச்சு. எண்ணா மாத்துன்னு சொன்னாத்தான் கூட்டும்." பிறகு பலகையில் மூன்று சமக்குறி போட்டான். "இதே எடத்துல இன்னொரு குழி இருக்கு. மூணு சமக்குறி போட்டு ஒப்பிட்டா மதிப்பும் ஒண்ணா இருக்கணும், வகையும் ஒண்ணா இருக்கணும். எழுத்தா வந்த இருநூறும் எண்ணா இருக்குற இருநூறும் அதுக்கு வேற வேற. பாத்தா ஒண்ணுபோல இருக்கும். சேராது."

ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருவில் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போனது. ஜன்னலை மூடிவிட்டுக் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். ஹரி சார், இது ஏன் வேல செய்யல? அதற்குக் கீழே ஒப்பிடும் வரி. மூன்று சமக்குறி. இடப்பக்கம், வாடிக்கையாளர் தட்டிய ஃபோன் நம்பர். வலப்பக்கம், ஒரு டப்பா; அதில் வைத்திருந்தது ஒரு பத்து இலக்க எண்.

என் நம்பர்.

பெயரைத்தான் தேடினேன். நம்பரைத் தேடவில்லை. அறுநூறு வரிகளில் எண்கள் நிறைய. முதல் நாளில் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்த டப்பாவின் பெயர் அவள் வழக்கப்படி ஆங்கில எழுத்தில். எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவுக.

பெயரை எழுத மாட்டாள். அதனால் நம்பரை எழுதியிருக்கிறாள். நம்பர் வந்தால் வழக்கமான வணக்கம் வேண்டாம், வேறு ஒன்று வரட்டும் என்று சொல்லியிருக்கிறாள். அது கீழே ஆங்கில எழுத்தில் இருந்தது; வரும்போது பாருங்க என்றாளே என்று எழுத்துக்கூட்டாமல் விட்டேன். நம்பரை எண்ணாகவே வைத்துவிட்டாள், மேற்கோள் குறி இல்லாமல். நான் பெட்டியில் தட்டியது எழுத்தாக உள்ளே போயிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான். சேரவில்லை. எத்தனை தடவை தட்டியிருந்தாலும் சேர்ந்திருக்காது. பெயரைப் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. பெயர் எப்படியும் மேற்கோள் குறிக்குள்தான் இருந்திருக்கும்.

புரட்டாசிச் சாயங்காலம் வரவேண்டியது வராமல் போனது இதனால்தான்.

அந்த வரியின் ஓரத்தில் இன்னொரு குறிப்பு: அவுகளுக்குக் காட்டிட்டு அழிச்சிரணும்.

நம்பருக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டேன். பின்னால் ஒன்று. சேமித்தேன். பக்கத்தைத் திறந்து என் பெயரையும் நம்பரையும் தட்டினேன். அமுக்கினேன்.

'வந்துட்டீகளா. கொழாயில தண்ணி வரல. அண்டாவுல மோந்து ஊத்திக்கங்க.'

ஷிப்டு முடிந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து வரும் வாக்கியம். அவள் தலையை நீட்டிப் பார்க்கக்கூட மாட்டாள். சத்தத்திலேயே நான் என்று தெரியும்.

மறுபடி அமுக்கினேன். மறுபடி சொன்னது. எத்தனை தடவை அமுக்கினேன் என்று எண்ணவில்லை.

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இதை அவன் பார்த்திருக்கிறானா? ஏன் வேலை செய்யவில்லை என்று அவனைத்தானே கேட்டிருக்கிறாள். கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். காட்டியிருந்தால் இந்த அண்டாவும் தண்ணீரும் அவனுக்கும் தெரியும். அன்று முழுவதும் இது ஒன்றே ஓடியது. மற்ற நாற்பது இடங்களை அவன் வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. இந்த இடத்தில் மட்டும் அவன் வந்திருக்கக் கூடாது.

திங்கள் சாயங்காலம் வகுப்பு தொடங்கும் முன்பே போனேன். அவன் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"காளீஸ்வரி கடைசியா ஒங்ககிட்ட ஏதாவது கேட்டாளா? வேலை செய்யாத இடம்னு?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தான். "கேட்டாங்கண்ணே. ரெண்டும் சேர மாட்டேங்குது சார்னாங்க. என்ன எழுதிருக்கீங்க, காட்டுங்கன்னேன். காட்ட மாட்டேன்னுட்டாங்க."

"ஏன்?"

"அது வேற ஆளுக்கு எழுதுனதுன்னாங்க. எழுதுனதக் காட்டாம எப்படிக்கா சொல்றது, கை புடிக்காம நாடி பாக்கச் சொல்றீங்களேன்னேன். அப்ப நானே கண்டுபிடிச்சிக்கிறேன்னு கோவமா போனாங்க." துடைப்பத்தைக் கையில் எடுத்தான். "அந்த வாரத்தோட வரல."

கீழே பேக்கரியில் தட்டு விழும் சத்தம் கேட்டது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். வகுப்பில் நன்றாகப் படித்த ஒருத்தியை இழந்த வாத்தியாரின் முகம். அதற்கு மேல் எதுவும் இல்லை. இருந்தாலும் அது எனக்கு முழுவதும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

"லேப்டாப் சரியாயிருச்சு" என்றேன்.

பென் டிரைவைக் கொடுத்தேன். ஞாயிறு சாயங்காலமே அதில் ஏற்றியிருந்தேன். ஏற்றும் முன் கடைசிப் பக்கத்தில் என் நம்பர் இருந்த அந்த எட்டு வரிகளை அழித்தேன். காட்டிவிட்டு அழிக்க வேண்டும் என்று அவள்தான் எழுதியிருந்தாள். வீட்டு லேப்டாப்பில் அழிக்கவில்லை.

அவன் அங்கேயே மாட்டித் திறந்தான். வேகமாக மேலிருந்து கீழே ஓட்டினான். இடையிடையே நின்று, "அட, இத அழகா எழுதிருக்காங்க" என்றான். பரளச்சி வரியில் சிரித்தான். பட்டியல் வந்ததும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, சோதனைக்குப் போட்டதெல்லாம் என் பேருல கெடக்கு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. கடைக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்துரணும். ஆனா ஓடுதான்னு பாக்குறவரைக்கும் யார் பேராவது வேணும். ஒங்க பேரப் போட்டுரவா?"

திரையைப் பார்த்தேன். ஹரி, கல்யாணம், அருப்புக்கோட்டை, 500 பேர். ஹரி, சடங்கு, திருச்சுழி, 200 பேர்.

"வேண்டாம். அவ போட்டபடியே இருக்கட்டும்" என்றேன்.

"சரிண்ணே."

படிகளில் ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. தங்கமாரி அக்கா பாதிப் படியிலேயே யாரையோ வைதுகொண்டு வந்தார். நான் மூன்றாவது கணினிக்குப் போய் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து மறுபடி அவனிடம் வந்தேன்.

"அந்தக் கருமாதிய மட்டும் இப்பவே எடுத்துருங்க ஹரி."